கடப்பு மூடிய காலம்

ஒட்டுவாரொட்டி என்றொரு பழஞ்சொல் தமிழில் உண்டு. ஒருவரிடமிருந்து அவரை அடுத்தவரையும் ஒட்டிக்கொள்ளும் நோய் என்பது அதன் பொருள். 2020ஆம் ஆண்டிலே நோய் வந்தபோது செய்தித்தாள்கள் 'பெருந்தொற்று' என்றன. வானொலி 'கொவிட்' என்றது. எம் பகுதி மூதாட்டியர் சிலர் மட்டுமே பழஞ்சொல்லை நினைவுகூர்ந்தனர். இத்தனை செறிவான ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஏன் புதுச்சொல் தேடி அலைந்தோம் என்று தமிழாசிரியன் ஒருவன் அங்கலாய்ப்பது இயல்பே. நிற்க. சொல்லாராய்ச்சி செய்வது ஈண்டு என் நோக்கமன்று. அந்நோய்க்காலத்தில் கல்முனைக் கரையோரத்து இல்லங்கள் எவ்வாறு வாழ்ந்தன என்பதைச் சிறிது எழுதிவைக்க விரும்புகிறேன். அரசாணைகள் ஆவணங்களில் இருக்கும். அடுக்களைச் செய்திகளை எழுதிவைப்பார் இலர்.

மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே நீளும் முஸ்லிம் ஊர்களும், இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழூர்களும் கடலுக்கும் வயல் வட்டைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பவை. கிழக்கே நகர்ந்தால் கடல். மேற்கே நகர்ந்தால் நெல் வயல். ஆதலின் வீட்டோடு வீடு ஒட்டியே நிற்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்தபோது இந்நெருக்கமே பேரழிவுக்குக் காரணமாயிற்று. 2020 மார்ச் 20ஆம் நாள் மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்து, ஒருவரையொருவர் விலகியிருங்கள் என்ற கட்டளை வந்தபோது, எம்மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். எங்கே விலகுவது?

இக்கரையோரத்துக் குடும்ப அமைப்பை அறியாதார்க்கு இதனை விளக்குதல் வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குரியது. தந்தை தன் ஆயுளெல்லாம் உழைத்து ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டுகிறார். மணம் முடித்த மாப்பிள்ளை மனைவியின் வீட்டிலே வந்து வாழ்கிறான். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் சிறு வீடொன்றுக்கு ஒதுங்குவர். இளையவளுக்கு அதுவும் போகும். குடி என்னும் தாய்வழி மரபும் இதனோடு இயைந்தது. முஸ்லிம்களிடத்து மட்டுமன்றித் தமிழரிடத்தும் இவ்வழக்கம் ஒருங்கே நிலவுவதை அக்கரைப்பற்றிற் பல்லாண்டு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியுள்ளார். அக்கா தங்கையரின் வளவுகளுக்கிடையே வேலி இருப்பினும் அதிலொரு கடப்பு இருக்கும். கறிச்சட்டியும் கைக்குழந்தையும் அக்கடப்பு வழியே நாள்தோறும் போய்வரும்.

ஊரடங்கு தெருவைத்தான் மூடியது. வளவுக் கடப்பைச் சிலநாள் எவரும் மூடவில்லை. ராத்தா வீட்டு உப்பு முடிந்தால் தங்கச்சி வீட்டிலிருந்து வரும். பெண்கள் தம் உம்மாவை விட்டு ஒருநாளும் பிரியவில்லை. பிரிந்தவர் ஆண்மக்களே. மனைவி வீட்டில் வாழும் மகன், மாலைதோறும் தாயின் வீட்டுக்குச் சென்று ஒரு கோப்பை தேநீர் குடித்து, நாலு வார்த்தை பேசித் திரும்புவது இவ்வூர்களின் எழுதா விதி. தாய்வீடு இரண்டு தெரு தள்ளியே இருக்கும். ஆயினும் இரண்டு தெருவைக் கடக்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்றாயிற்று. ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "உம்மா, திண்டீங்களா?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். தனிமைப்படுத்தல் யாரை எவ்வளவு வருத்தியது என்று கணக்கெடுத்தவர்கள் இதனைக் கணக்கில் எடுத்தார்களா என்பது ஐயமே.

வீட்டுக்குள் அடைந்திருத்தல் பெண்களுக்குப் புதியதன்று என்பதையும் சொல்லவேண்டும். மகப்பேற்றின்பின் நாற்பது நாள் அவள் வீட்டை விட்டு நீங்காள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வெனிஸ் நகரத்தார் கொள்ளைநோய்க்கு அஞ்சித் துறைமுகத்துக் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைத்ததிலிருந்தே 'குவாரண்டைன்' என்னும் சொல் பிறந்தது என்பர்; அந்நாற்பது எம் மூத்தம்மாமாருக்கு வேறொரு வழியிற் பழக்கமான எண். திண்டாடியவர் ஆடவர். தேநீர்க்கடை இல்லை, சந்தை இல்லை, கடற்கரை இல்லை. முதல் வாரம் உறங்கினர். இரண்டாம் வாரம் சமையலிற் குற்றம் கண்டனர். மூன்றாம் வாரம் தேங்காய் துருவக் கற்றுக்கொண்டனர்.

ஏப்ரல் இறுதியில் நோன்பு வந்தது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. மாலையிலே வாளியும் கையுமாய்ச் சிறுவர் பள்ளிவாசலுக்கு ஓடி நோன்புக் கஞ்சி வாங்கிவரும் காட்சி அவ்வாண்டு இல்லை. வீட்டுக்கு வீடு கஞ்சி காய்ச்சினர். அரிசி, தேங்காய்ப்பால், வெந்தயம், இஞ்சி, உள்ளி எல்லாம் அதேதான். எனினும் பெருங்கிடாரத்திற் காய்ந்த கஞ்சியின் சுவை சிறுபானையில் வரவில்லை என்று எல்லாரும் குறைபட்டனர். இரவுத் தொழுகையை வீட்டிலேயே நடத்தவேண்டியிருந்தமையால், ஓதக் கற்ற பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் முன்னே நிற்க, வாப்பாவும் மூத்தவாப்பாவும் பின்னே நின்று தொழுத வீடுகள் பல. மே 24ஆம் நாள் பெருநாள். புத்தாடையும் இல்லை, திடல் தொழுகையும் இல்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் நோய் மீண்டும் தலையெடுத்தது. பேலியகொடை மீன்சந்தையில் நோயாளர் பெருகினர் என்ற செய்தி வந்ததும் நாட்டார் மீன் உண்ண அஞ்சினர். நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையிற் பச்சை மீனைக் கடித்துக்காட்டியும் அச்சம் உடனே தெளியவில்லை. மீனை நம்பி வாழும் கரையூர்களின் நிலையைச் சொல்லவேண்டுமா? கொழும்புக்குப் போகவேண்டிய மீன் முற்றத்திலே கருவாடாய்க் காய்ந்தது. கரைவலை இழுக்கப் பலர் தோளோடு தோள் நிற்கவேண்டும். இடைவெளி விட்டு இழுத்தால் வலை வராது. நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றும் டிசம்பர் இறுதியிற் கல்முனை நகரின் ஒரு பகுதியும் தனிமைப்படுத்தப்பட்டன. அப்போதுதான் வளவுக் கடப்புகளும் மூடின.

மருந்தைப் பற்றிச் சிறிது. நொச்சியிலையும் வேப்பிலையும் இட்டு வேது பிடித்தனர். கொத்தமல்லிக் குடிநீர் எந்நேரமும் அடுப்பில் இருந்தது. இவற்றால் மூக்கடைப்பு நீங்கும், மனம் தேறும், நோய்க்கிருமி சாகாது. இதனைச் சொன்ன வைத்தியரைவிட, கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கூட்டிக் காய்ச்சிய பாணியைப் புகழ்ந்தவர்களுக்கே அந்த டிசம்பரிற் கூட்டம் சேர்ந்தது. நோய் பரவாதிருக்க மருந்து தேடிச் சென்றவர் ஆயிரக்கணக்கில் முண்டியடித்து நின்றதை என்னென்பது! அப்பாணியைப் பலரறியப் பருகிய சுகாதார அமைச்சரும் அடுத்த மாதமே நோயுற்றார். மஞ்சளின் கதையும் இத்தகையதே. இறக்குமதி தடைப்பட்ட வேளையில் மஞ்சள் நோய் தடுக்கும் என்ற நம்பிக்கையும் சேர, சில நூறு ரூபா விற்ற ஒரு கிலோ சில ஆயிரமாய் ஏறியது. மஞ்சளில்லாத மீன்கறி வெளிறிப்போய் மேசைக்கு வந்தது. வளவு மூலையில் மஞ்சட்கிழங்கு நடுவது பலருக்குப் பொழுதுபோக்காயிற்று.

பொழுதுபோக்கு என்றதும் பிள்ளைகள் நினைவு வருகிறது. பாடசாலைகள் மூடியபின் பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. ஒரு தொலைபேசி, மூன்று பிள்ளைகள். உயர்தரத்தில் உள்ளவனுக்கு முதலிடம், கடைக்குட்டிக்கு மிச்சம். தரவு வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நேத்ரா தொலைக்காட்சியில் வந்த 'குருகுலம்' ஓரளவு துணை. அடைமொழியும் ஆகுபெயரும் கண்ணாடித் திரையிற் கற்பித்தோம். மாணவன் முகம் தெரியாமற் கற்பிப்பது, கிணற்றுக்குள் கூவிவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பது போலிருந்தது. அக்காலத்தில் எழுத்துக்கூட்டத் தவறிய சிறுவர் சிலர் பின்னரும் தடுமாறினர். இதனை ஈடுசெய்ய எவரும் பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை என்பது என் துணிபு.

ஆயினும் வீட்டிலிருந்து வந்த கல்வியும் ஒன்று உண்டு. மின்சாரம் நின்ற இரவுகளில் மூத்தம்மாமார் நாட்டார் கவி சொல்லத் தொடங்கினர். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் ஊரூராய்த் திரிந்து இக்கவிகளைத் தொகுத்திராவிடின் பெரும்பகுதி மறைந்திருக்கும். அத்தொகுதிகளில் உள்ளவற்றோடு ஒத்தனவும் சிறிது வேறுபட்டனவும் அந்நாட்களில் அடுக்களைத் திண்ணைகளில் ஒலித்தன. வட்டைக்குப் போன மச்சானை நினைந்து மச்சி பாடும் கவியைப் பேரன் தொலைபேசியிற் பதிவுசெய்ய, "ஏன்டா இதெல்லாம்?" என்று நாணிச் சேலையால் வாயைப் பொத்திய மூதாட்டியின் குரல் என்னிடமும் உள்ளது.

இனி எழுதவேண்டியது எளிதன்று. 2020 ஏப்ரல் 11ஆம் நாள் வந்த வர்த்தமானி, இந்நோயால் இறந்தோர் யாவரையும் எரிக்கவேண்டும் என விதித்தது. நிலத்தடி நீர் மாசுறும் என்று காரணம் கூறப்பட்டது. அடக்கம் செய்வதும் தகும் என உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே அறிவித்திருந்தது. உடலைக் கழுவிக் கபனிட்டு மண்ணுக்குக் கொடுப்பதை இறுதிக் கடமையாகக் கொண்ட மக்களுக்கு இவ்விதி எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அது வீட்டுக்குள் செய்த தீங்கைச் சொல்லவேண்டும். முதியோர் இருமலை மறைத்தனர். மூச்சுத் திணறலைக் களைப்பு என்றனர். "ஆசுபத்திரிக்கு மட்டும் கொண்டுபோகாதே மகனே" என்று கைபிடித்துக் கெஞ்சிய தாய்மாரும் உண்டு. வைத்தியசாலையிற் பிழைக்கக்கூடியவர், எரிக்கப்படுவோமோ என்னும் அச்சத்தால் வீட்டிற் கிடந்து துன்புற்றனர். நோயைத் தடுக்க வந்த விதி நோயை மறைக்கக் கற்பித்தது. டிசம்பரில் இருபது நாட்சிசு ஒன்று கொழும்பில் எரிக்கப்பட்டபோது பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினர். அத்துணியின் பொருள் எம் கரையிற் சிறு குழந்தைக்கும் விளங்கியது.

2021 பெப்ரவரி இறுதியில் விதி மாறியது. மார்ச் 5ஆம் நாள் தொடங்கி ஓட்டமாவடியை அடுத்த மஜ்மா நகரில் மட்டும் அடக்கம் செய்யலாம் என்றாயிற்று. தீவின் எம்மூலையில் இறந்தாலும் அங்கேதான். 2022 மார்ச்சில் அவரவர் ஊரில் அடக்கலாம் என்று ஆகும்வரை 3,600க்கும் மேற்பட்டோர் அம்மண்ணுக்குள் சென்றனர். முஸ்லிம்கள் மட்டுமல்லர், இந்துக்களும் பௌத்தரும் கிறித்தவரும் அங்கே உளர். கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

ஓட்டமாவடி, கல்முனையிலிருந்து மட்டக்களப்பைக் கடந்து வடக்கே நெடுந்தூரம். தாயை அங்கே அடக்கிய ஆண்மக்கள் எம்மூர்களில் இருக்கின்றனர். இரண்டு தெரு நடந்து மாலைதோறும் உம்மாவைக் கண்டு வந்தவர்கள், இப்போது விடுமுறை நாள் பார்த்து, வண்டிக்காசு சேர்த்து, விடியற்காலையிற் புறப்பட்டுப் போய் வருகின்றனர்.