பச்சைப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை ஊசி?



போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. அக்கா பிரசவத்திற்கு வந்து இங்கேதான் இருக்கிறாள். பாப்பாவிற்கு 45-வது நாள் ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் வந்துவிட்டது. தொடையில் லேசான வீக்கம். விடிய விடிய அழுகை. அதைப் பார்த்த அப்பத்தா, "பச்ச மண்ணுக்கு இம்புட்டு ஊசி எதுக்குடி? அடுத்த ஊசிக்கு யாரும் பிள்ளையைத் தூக்கிட்டுப் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கும் பயம்தான்.

எனக்கும் பதில் தெரியவில்லை. அறிவியல் ஆசிரியையிடமும் கிராம சுகாதார செவிலியர் அக்காவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோய் எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வருகிறது?

பிறந்த குழந்தைக்கு முதல் பாதுகாப்பு தாயிடமிருந்து கிடைக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் பொருள்கள் குழந்தைக்குப் போகின்றன. பிறந்தவுடன் வரும் சீம்பாலிலும் அவை நிறைய உள்ளன. மஞ்சளாக இருக்கிறதே என்று சிலர் அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிடுவார்கள். அது பெரிய தவறு. நம் பக்கம் சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைப்பார்கள். தெருவில் கழுதைப்பால் விற்றுக்கொண்டு வந்தால் சங்கில் வாங்கிப் புகட்டுவார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறார்கள் மருத்துவர்கள். காய்ச்சாத பாலால் வயிற்றுப்போக்குதான் வரும்.

நம் வடுகபட்டி பூண்டுக்குப் பேர் போன ஊர். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் பூண்டு சாப்பிட்டால் போலியோ வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் குறைந்துவிடும். அதற்குள் குழந்தையின் உடம்பு தானே சண்டை போடக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் தடுப்பூசி.

ஊசி என்ன செய்கிறது?

செத்த கிருமி, வலுவிழந்த கிருமி, அல்லது கிருமியின் ஒரு சிறு பகுதி மட்டும்தான் மருந்தில் இருக்கும். நம் ரத்த வெள்ளை அணுக்கள் அதைப் பார்த்து, 'எதிரி இப்படித்தான் இருப்பான்' என்று அடையாளம் வைத்துக்கொள்ளும். பிறகு நிஜக் கிருமி வந்தால் உடனே அடித்து விரட்டும். திருடனின் போட்டோவை ஸ்டேஷனில் ஒட்டி வைப்பது மாதிரி.

ஒரு முறை பார்த்தால் மறந்துவிடும் என்பதால்தான் சில ஊசிகளை மூன்று முறை போடுகிறார்கள். நாமும் வாய்ப்பாட்டை ஒரே தடவையிலா மனப்பாடம் செய்தோம்?

காய்ச்சல் வருவது, உடம்பு அந்தப் பாடத்தைப் படிக்கிறது என்பதன் அடையாளம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். செவிலியர் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுத்தால் போதும். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவக்கூடாது. வலிப்பு வந்தாலோ, மணிக்கணக்கில் அழுகை நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

எப்போது, எது?

* பிறந்தவுடன்: பி.சி.ஜி. (காசநோய்), போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை-பி ஊசி.
* 6, 10, 14-வது வாரம்: பென்டா ஊசி, போலியோ, ரோட்டா சொட்டு மருந்து. பென்டா ஒன்றே ஐந்து நோய்களைத் தடுக்கும்: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை-பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியா மற்றும் மூளைக்காய்ச்சல். நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. ஊசி 6, 14-வது வாரங்களில்.
* 9 மாதம் முடிந்ததும்: தட்டம்மை-ரூபெல்லா ஊசி.
* 16 முதல் 24 மாதத்திற்குள்: தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் முறை, முத்தடுப்பு ஊசி, போலியோ.
* 5 வயதில் முத்தடுப்பு ஊசி. 10, 16 வயதில் டி.டி. ஊசி. (ஆமாம், நமக்கும் உண்டு!)

இவை எல்லாம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நம் மாநிலத்தில் புதன்கிழமைதான் ஊசி நாள். ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். லேசான சளி இருந்தாலும் போடலாம்.

தட்டம்மை ஊசிக்கு மட்டும் ஏன் 9 மாதம் வரை காத்திருக்கிறார்கள்? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் உடம்பில் இருக்கும் வரை, அது ஊசி மருந்தையும் அழித்துவிடும். அதனால்தான்.

உங்களுக்குத் தெரியுமா?

1796-இல் எட்வர்ட் ஜென்னர் என்ற இங்கிலாந்து மருத்துவர், பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து 8 வயதுச் சிறுவனுக்குச் செலுத்தினார். அவனுக்குப் பெரியம்மை வரவில்லை. அதுதான் தொடக்கம். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்ட ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று நாம் போலியோ இல்லாத நாடு ஆனோம்.

வதந்தியை நம்பாதே!

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது. அப்போது வாட்ஸ்அப்பில் வந்த பொய்ச் செய்திகளைப் பார்த்துப் பல பெற்றோர் பயந்துபோய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. தட்டம்மை, இருமல் தும்மல் மூலம் காற்றிலேயே பரவும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது போட்டிருந்தால்தான் ஊர் முழுக்கப் பாதுகாப்பு. நான் போட்டுக்கொண்டால், இன்னும் 9 மாதம் ஆகாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அது பாதுகாப்பு.

எங்கள் வீட்டில் என்ன ஆனது?

இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொன்னேன். ஜென்னர் கதைக்கு அவர் அசையவே இல்லை. "இது என்ன தழும்பு அப்பத்தா?" என்று அவர் கையில் இருந்த வட்டத் தழும்பைத் தொட்டுக் கேட்டேன். "சின்னப் பிள்ளையில அம்மை குத்துனது" என்றார். "உங்களுக்குக் காய்ச்சல் வரலையா?" "வராம? மூணு நாளு படுத்துக் கெடந்தேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே, பூண்டு மண்டியில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். அவருக்கு இரண்டு வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. "அவன் காலத்துல சொட்டு மருந்து நம்ம ஊருக்கு வரல. வந்திருந்தா அவனும் ஓடியாடித் திரிஞ்சிருப்பான்" என்றார்.

அடுத்த புதன்கிழமை அக்காவுடன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது அப்பத்தாதான். அன்று ராத்திரியும் காய்ச்சல் வந்தது. மறுநாள் இறங்கிவிட்டது.

தோழர் தோழியரே! உங்கள் வீட்டில், தெருவில் கைக்குழந்தை இருந்தால் அதன் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவோம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி