காப்புரிமைப் பத்திரமும் மேற்கோளும்

மைசூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழன்பர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை என் வீட்டிற்கு வந்தார். கையில் வழவழப்பான தாளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட சிற்றேடு ஒன்று இருந்தது. அவருடைய தங்கை மகன் பதினான்கு வயதுச் சிறுவன். தசை நலியும் நோயினால் நடக்க இயலாதவனாகிவிட்டான். குருத்தணுச் சிகிச்சையினால் அவனை எழுந்து நடக்கச் செய்யலாம் என்று வேற்றூர் மருத்துவ நிலையம் ஒன்று கூறியிருந்தது. செலவுக்காகத் தருமபுரிப் பக்கத்திலுள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்றுவிடலாம் என்று குடும்பத்தார் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டனர். "நீங்கள் சர்க்கார் மொழிபெயர்ப்பாளர், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள், சார், அது போதும்" என்றார்.

சிற்றேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது இதுவே: "காப்புரிமை பெற்ற முறை, பல நாட்டுக் காப்புரிமைகளில் மேற்கோள் காட்டப்பெற்றது." மொழிபெயர்ப்பது எளிது. அதன் பொருளை விளக்கத்தான் இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன. அவருக்குச் சொன்னதையே, வெளி மாநிலங்களில் இத்தகைய சிற்றேடுகளைத் துணையின்றிப் படிக்க நேரும் நம்மவர்க்கும் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

காப்புரிமை என்ற சொல்லே சற்றுக் குழப்பம் தருவது. நூலாசிரியருக்குள்ள பதிப்புரிமையையும் சிலர் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். இங்கே நாம் கருதுவது 'பேடெண்டு' என்று வழங்குவதை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதன் செய்முறையை மறைக்காமல் எழுதி அரசிடம் ஒப்படைக்கிறார். அரசு, அதனைப் பிறர் அவர் இசைவின்றிச் செய்யவோ விற்கவோ கூடாதென்று தடுக்கும் உரிமையை விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அவருக்கு அளிக்கிறது. இது ஒரு பேரம், அவ்வளவே. பண்டம் பயன் தருமா, மருந்து நோயைத் தீர்க்குமா என்பதற்கு அரசு அளிக்கும் நற்சான்று அன்று.

நமது நாட்டின் சட்டம் 1970-ஆம் ஆண்டினது. அதற்கு அடிகோலியது நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கை. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து உச்சநீதிமன்றம் சென்ற அப்பெரியார், இந்தியாவில் வழங்கப்பெற்ற காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை அயல்நாட்டார் கையில் இருப்பதை எடுத்துக்காட்டி, நம் தேவைக்கேற்ற சட்டம் வேண்டுமென்றார். அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, எவையெல்லாம் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்று வரிசைப்படுத்துகிறது. மனிதருக்குச் செய்யும் சிகிச்சை முறை எதற்கும் இந்தியாவில் காப்புரிமை கிடையாது என்பது அவ்வரிசையில் ஒன்று. அன்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிற்றேட்டை மறுபடி வாங்கிப் பார்த்தார். சிகிச்சைக்குக் காப்புரிமையே இல்லையெனில், இவர்கள் காப்புரிமை பெற்றது எதற்கு?

அதை அறிய வழி உண்டு. விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதங்களில் வெளியிடப்படுகின்றன, எவரும் படிக்கலாம். வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்பும் தெரிவிக்கலாம். (மைசூரில் இருப்பவரும் தம் விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகத்திற்கே அனுப்ப வேண்டும் என்பது இங்குள்ள நம்மவர் சிலருக்குச் சிறிது பெருமை.) பத்திரத்தில் முதன்மையாகப் படிக்க வேண்டியவை இரண்டு: இறுதியில் எண்ணிட்டு வரும் உரிமைக் கோரிக்கைகள், அடுத்து, மேற்கோள்கள்.

மேற்கோள் என்றதும் நமக்கு உரையாசிரியர்கள் நினைவுக்கு வருவார்கள். தாம் சொல்வதற்குத் துணையாக முன்னோர் வாக்கை எடுத்துக்காட்டுவது அவர்கள் வழக்கம். காப்புரிமையில் மேற்கோளின் வேலை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. விண்ணப்பதாரர் 'புதிது' என்பதை, 'இது முன்பே இருந்ததல்லவா?' என்று கேட்பதற்காகப் பரிசோதகர் பழைய பத்திரங்களையும் கட்டுரைகளையும் தேடி எடுத்து வைக்கிறார். ஐரோப்பிய அலுவலகத்தின் தேடல் அறிக்கையில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஓர் எழுத்து இடுவார்கள். 'எக்ஸ்' என்றால் அந்த ஓர் ஆவணமே கோரிக்கையைச் சாய்க்கப் போதும். 'ஒய்' என்றால் மற்றொன்றோடு சேர்ந்து சாய்க்கும். 'ஏ' என்றால் பின்னணிச் செய்தி மட்டுமே. ஆகவே 'இத்தனை முறை மேற்கோள் காட்டப்பெற்றது' என்ற எண்ணிக்கை தனியே ஒன்றும் சொல்வதில்லை. எழுத்து எது, காட்டியவர் விண்ணப்பதாரரா பரிசோதகரா என்று பார்க்க வேண்டும்.

இவ்வேலையின் வலிமையை இந்த மைசூரே கண்டிருக்கிறது. 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தை இவ்வூரில் அறியாதார் இல்லை. 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் ரைஸ்டெக் கம்பெனி, பாசுமதி நெல் வகைகளுக்கும் அரிசிக்கும் 20 கோரிக்கைகள் கொண்ட ஒரு காப்புரிமை பெற்றது. கோரிக்கைகளில் சில, அக்கம்பெனி உருவாக்கிய நெல் வகைகளோடு நில்லாமல், குறிப்பிட்ட நீளமும் மணமும் வேகும்போது நீளும் தன்மையும் உடைய அரிசி மணியையே வளைத்துக்கொண்டன. அவ்வரிசியோ பஞ்சாபிலும் டேராடூனிலும் தலைமுறை தலைமுறையாக விளைந்து வருவது. 2000 ஏப்ரலில் இந்தியா மறுபரிசீலனை கோரியது. அரிசி மணியின் பண்புகளை ஆராய்ந்த மைசூர் நிலையத்து விஞ்ஞானிகள் இருவரின் வாக்குமூலங்கள், 15 முதல் 17 வரையிலான கோரிக்கைகளை எதிர்ப்பதற்குச் சான்றாயின. அக்கோரிக்கைகளைக் கம்பெனி தானே விலக்கிக்கொண்டது. இறுதியில், 2002 ஜனவரியில் வெளியான சான்றிதழின்படி, 20 கோரிக்கைகளில் எஞ்சியவை ஐந்தே. தலைப்பிலிருந்த 'பாசுமதி' என்ற சொல்லும் போயிற்று.

மஞ்சள் வழக்கு இதற்கும் முந்தியது. மஞ்சள் தூளைப் புண்ணுக்கு இடும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கினார்கள். நம் பாட்டிமார் எல்லோரும் சாட்சி சொன்னாலும் அன்றைய அமெரிக்கச் சட்டத்தின்கீழ் அது எடுபடாது. அயல்நாட்டு வழக்கமாயின் அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 32 ஆதாரங்களைத் திரட்டிற்று. சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களோடு, இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953-இல் வெளிவந்த ஒரு கட்டுரையும் அவற்றுள் உண்டு. 1997 ஆகஸ்டில் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. பரிசோதகர் தமக்குப் படிக்கத் தெரியாத மொழியிலுள்ளதை மேற்கோள் காட்ட முடியாது என்ற உண்மை அப்போதுதான் டெல்லிக்கு நன்றாக உறைத்தது. பின்னர் 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில், தமிழிலுள்ள சித்த மருத்துவ நூல்களின் யோகங்களும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பெயர்க்கப்பட்டன. என் தொழிலைச் சார்ந்தவன் என்ற முறையில், மொழிபெயர்ப்பு ஒரு நாட்டின் உடைமையைக் காத்த கதையாக இதை நான் சற்று மிகையான மகிழ்ச்சியோடு சொல்வதுண்டு.

இனிக் குருத்தணுவுக்கு வருவோம். உடலின் பலவகை உயிரணுக்களாகவும் மாறக்கூடிய மூல அணுவே குருத்தணு. எலிக் கருவிலிருந்து இதனை 1981-இல் பிரித்தெடுத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் முதலில் குரங்கிலும், பின்னர் 1998-இல் மனிதக் கருவிலும் பிரித்தார். அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கி அப்பல்கலைக்கழகத்தின் அறநிதி மூன்று காப்புரிமைகள் பெற்றது. செய்முறைக்கு மட்டுமன்று, அணுக்களுக்கே உரிமை. அமெரிக்காவில் மனிதக் கருவின் குருத்தணுவைத் தொட எண்ணிய எவரும் அவ்வறநிதியின் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

2006-இல் இரண்டு பொதுநல அமைப்புகள் எதிர்த்தன. அவற்றின் ஆயுதமும் மேற்கோளே. எலியில் செய்யும் முறை 1980-களிலேயே அச்சில் வந்துவிட்டது. அதை மனிதருக்குப் பயன்படுத்தியது புத்தாக்கமாகுமா என்று கேட்டன. அரிசியில் இட்லி சுடத் தெரிந்தவர் கேழ்வரகில் சுட்டால் அது கண்டுபிடிப்பா? இங்கே இருசாராருக்கும் சொல்ல இடமுண்டு. கேழ்வரகு மாவு அரிசி மாவைப் போலப் பொங்காது. பக்குவம் காணப் பலமுறை தோற்க வேண்டும் என்று அறநிதி வாதித்தது போலக் கொள்ளலாம். 2007-இல் அலுவலகம் மூன்றையும் முதற்கட்டமாக நிராகரித்தது. 2008-இல் கோரிக்கைகளைச் சுருக்கியபின் நிலைநிறுத்தியது. இடையில், 2007 ஜனவரியிலேயே, அறநிதி தன் உரிம நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டது. ஐரோப்பாவிலோ 2008-இல் அதன் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அங்கே தடையாக நின்றது பழைய கட்டுரை அன்று, கருவை அழிப்பது முறையா என்ற கேள்வி. மனித அணுவை முதலில் வளர்த்துக் காட்டிய அருமையைக் குறைத்து எண்ணாமலே, அணுவுக்கே உரிமை கோரியது மிகை என்பது என் கருத்து.

மேற்கோள்களை எண்ணி ஆராயும் அறிஞர்களும் உளர். அமெரிக்கப் பத்திரங்களில் 1947 முதல் மேற்கோள்கள் அச்சாகி வருவதால் அவர்களுக்குப் பொருளுக்குக் குறைவில்லை. பிரான்சிஸ் நரின் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கத் தொழில் நிறுவனங்களின் காப்புரிமைகள் காட்டிய விஞ்ஞானக் கட்டுரைகளில் 73 விழுக்காடு பல்கலைக்கழகம், அரசு நிலையம் போன்ற பொது நிலையங்களிலிருந்து பிறந்தவை. வரி செலுத்துவோர் பணத்தில் விளைந்ததன்மேல் தனியார் உரிமை எழும் வகையை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

இரண்டாம் மாலையில் நானும் அன்பரும் சிற்றேட்டில் கண்ட எண்ணைத் தேடி எடுத்தோம். அயல்நாட்டுக் காப்புரிமை அது. கோரிக்கைகள் அனைத்தும், அணுக்களை உறையவைத்துச் சேமிக்கும் ஒரு பையையும் அதனை இளக்கும் வெப்பநிலையையும் பற்றியவை. தசை நோய் என்ற சொல்லே எங்கும் இல்லை. பின்னால் வந்த ஐந்து பத்திரங்கள் இதனை மேற்கோள் காட்டியிருந்தன. நான்கில் 'ஏ', ஒன்றில் 'எக்ஸ்', அதாவது வேறொருவர் கோரிய பையும் இதுவும் ஒன்றே என்று. சிற்றேட்டில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் அன்பருக்குப் பெரிய வியப்பாயிருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை, இரத்த நோய்கள் சிலவற்றுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சை தவிர, ஏனைய குருத்தணுப் பயன்பாடுகளை ஆய்வென்றே கருதுகிறது. ஆய்வாயின் அது மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். நோயாளியிடம் அதற்குக் கட்டணம் வாங்கலாகாது. இதை எழுதிக்கொடுத்தேன். அன்பர் அந்நிலையத்திற்குத் தொலைபேசியில் பேசிப் பதிவு எண்ணைக் கேட்டிருக்கிறார். அனுப்பி வைப்பதாகச் சொன்னார்களாம். இதை எழுதும் வரை வரவில்லை, நிலமும் விற்கப்படவில்லை. சிறுவனை மாதந்தோறும் பெங்களூருக்கு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று வருகிறார்கள்.