பாய்ன்ட் ரேய்ஸ்: சில பூக்களும் ஒரு சிட்டின் பாட்டும்

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, எட்டு வயது மகளோடு பாய்ன்ட் ரேய்ஸ் போயிருந்தேன். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பசிபிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் அது. அங்கே சிம்னி ராக் என்ற முனைக்கு ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. போய்வர மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

பாதையெங்கும் பூக்கள். முதலில் பாப்பி. 1903 முதல் கலிஃபோர்னியாவின் மாநில மலர். உள்நாட்டு மலைகளில் முழு ஆரஞ்சு நிறம். கடலோரத்தில் மஞ்சள் இதழ், நடுவில் மட்டும் ஆரஞ்சு. வெயில் பட்டால்தான் விரியும். அன்று மூடுபனி. எல்லாம் குடையை மடக்கியது போலச் சுருண்டிருந்தன.

அடுத்து லூபின். அவரைக் குடும்பம்; நம்மூரில் வயலில் மடக்கி உழும் கொழுஞ்சிக்குத் தூரத்து உறவு. வேரில் தங்கும் பாக்டீரியாவின் துணையோடு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதால், வெறும் மணலிலும் வளர்கிறது. அருகிலேயே இந்தியன் பெயின்ட்பிரஷ். சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் இதழல்ல, பூவை ஒட்டிய இலைகள். பச்சையம் இருந்தும் இது அரை ஒட்டுண்ணி: பக்கத்துச் செடியின் வேரிலிருந்து நீரும் சத்தும் உறிஞ்சிக்கொள்ளும்.

தலைக்கு மேல் பழுப்புக் கூழைக்கடாக்கள் வரிசையாகப் போயின. இன்று சாதாரணமாகத் தெரியும் இந்தக் காட்சி ஒரு காலத்தில் அருகிப்போனது. டி.டி.டி. பூச்சிமருந்து மீன் வழியாக உடலில் சேர்ந்ததால் முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்கும் பறவையின் எடைக்கே முட்டை நொறுங்கியது. தென் கலிஃபோர்னியாவின் அனகாபா தீவில் 1970ல் 500க்கும் மேற்பட்ட கூடுகளிலிருந்து பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு. 1972ல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடை செய்தது. 2009ல் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து இப்பறவை நீக்கப்பட்டது.

என்னை நிற்க வைத்தது ஒரு சின்னச் சிட்டு. ஒயிட் கிரவுன்ட் ஸ்பாரோ. தலையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். புதர் உச்சியில் உட்கார்ந்து, நீண்ட சீட்டியில் தொடங்கி அதிர்வொலியில் முடித்தது. இந்தக் கடற்கரையில் வாழ்வது வலசை போகாத இனம். சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதே சிட்டின் பாட்டு வேறு; அதாவது வட்டார வழக்கு. இது பிறவியிலேயே வருவதல்ல என்று பீட்டர் மார்லர் 1960களில் காட்டினார். குஞ்சு ஏறத்தாழ 10 நாளிலிருந்து 50 நாள் வயதுக்குள் பெரிய பறவைகளின் பாட்டைக் கேட்க வேண்டும். கேட்காமல் தனியே வளர்ந்தால், பாடும். ஆனால் அது எந்த ஊர்ப் பாட்டாகவும் இருக்காது.

இரண்டு வழக்குகள் சந்திக்கும் எல்லையில் இரண்டு பாட்டும் பாடும் சிட்டுகளும் உண்டு என்று லூயிஸ் பாப்டிஸ்டா கண்டறிந்தார். இதைப் படித்த நாளிலிருந்து அந்த எல்லைச் சிட்டுகள் மேல் எனக்குத் தனிப் பாசம்.

நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள் என் மகள். மனிதக் குழந்தைக்கு ஐம்பது நாளில் கதவு சாத்தப்படுவதில்லை என்பது ஆறுதல். ஆனால் பக்கத்தில் யாராவது பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதி இருவருக்கும் ஒன்றுதான்.

திரும்பும் வழியில் 'கூழைக்கடா' என்று சொல்லிக் கொடுத்தேன். 'கூளைக்கடா' என்றாள். ழகரம் வரவில்லை. பரவாயில்லை, எல்லைச் சிட்டுதானே. கார் வரும்வரை இன்னும் நாலு தடவை சொன்னோம்.