கொல்லையில் நாற்பது அண்டா

"போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்ட டாட் நெட்டில் ஒரு சின்ன விண்டோஸ் புரோகிராம் எழுதினேன். ஐம்பது படம் தாண்டுவதற்குள் ‘மெமரி போதவில்லை’ என்று விழுந்துவிடுகிறது. 16 ஜி.பி. ரேமை 32 ஆக்கினால் சரியாகுமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். ஆகாது. ரேம் விற்கிறவர் ஆகும் என்றுதான் சொல்வார்.

3 எம்.பி. ஜேபெக் கோப்பைத் திரையில் காட்ட விரித்தாக வேண்டும். 4000க்கு 3000 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், ஆக 4.8 கோடி பைட், அதாவது 48 எம்.பி. 32 பிட் புரோகிராமுக்கு விண்டோஸ் வழக்கமாக விடும் முகவரி வெளியோ 2 ஜி.பி.தான், ரேம் எவ்வளவு இருந்தாலும். நாற்பது சொச்சம் படத்தில் தீர்ந்தது கதை. 64 பிட்டுக்கு மாற்றினால் விழுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பார்த்து முடித்த படங்கள் ஏன் இடத்தைக் காலி செய்யவில்லை? சுவாரஸ்யம் இங்கேதான். டாட் நெட்டில் ‘பிட்மேப்’ என்று நம் கையில் இருப்பது ஒரு துளிப் பொருள். புள்ளிகளெல்லாம் ஜிடிஐ பிளஸ் என்ற விண்டோஸ் பகுதி தனியே வாங்கிவைத்த இடத்தில் கிடக்கின்றன. கல்யாணத்துக்கு வாடகைக் கடையில் அண்டா எடுக்கிறோமே, அதுபோல: கையில் ரசீது, கொல்லையில் அண்டா. மண்டபம் கூட்டுகிறவர்தான், வேண்டாத பொருள்களின் நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர். தரையில் குப்பை சேர்ந்தால்தான் துடைப்பத்தைத் தொடுவார். அவர் கண்ணில் படுவது ரசீதுகள் மட்டும். நாற்பது துண்டுக் காகிதம் ஒரு குப்பையா என்று திண்ணையில் சாய்ந்திருக்கிறார். அதற்குள் கடையில் அண்டா காலி. அவர் ரசீதைப் பொறுக்கியிருந்தாலும் அண்டாவைத் தூக்கிப்போவது அவர் வேலையல்ல; அதற்கு ஃபைனலைசர் என்று இன்னொரு ஆள், அவர் வருகிறபோதுதான் வருவார். பந்தி முடிந்ததும் நாமே திருப்பிக் கொடுத்துவிடுவதற்குப் பெயர் டிஸ்போஸ்.

வரலாறும் வேண்டுமென்றால்: இந்தக் கூட்டும் வேலையை லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி 1960-லேயே எழுதிவிட்டார். 2002-ல் டாட் நெட் வந்தபோது, நினைவகக் கவலை இனி ஒழிந்தது என்ற பேச்சு பலமாக அடிபட்டது.

டிஸ்போஸை மறந்ததுதான் காரணமா என்று துப்பறிய ஒரு வழி உண்டு. சோதனைக்காக ‘ஜிசி.கலெக்ட்’ என்று ஒரு வரி போட்டுக் கூட்டுகிறவரை அதட்டி எழுப்புங்கள்; ஃபைனலைசர் முடிக்கும்வரை காத்திருக்கவும் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஏறிக்கொண்டே போன எண் சடாரென்று இறங்கினால், டிஸ்போஸை மறந்திருக்கிறீர்கள். இறங்கவில்லையா? பழைய படத்தை ஏதோ ஒரு பட்டியல் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது. படம் காட்டும் பிக்சர்பாக்ஸில் புதுப் படம் வைத்தால் பழையது தானே ஒழியும் என்று நம்புகிறவர்கள் நிறைய, அது ஒழியாது. சோதனைக்குப் போட்ட அந்த வரியையே மருந்தாக நிரலில் விட்டுவைக்கிறவர்களும் உண்டு. என்ன சொல்ல!

இன்னொரு வேடிக்கை: படக் கோப்பு கெட்டுப்போயிருந்தாலும், அதைத் திறக்கும் ‘இமேஜ்.ஃப்ரம்ஃபைல்’ அதே ‘மெமரி போதவில்லை’ பிழையைத்தான் வீசும். எனவே எப்போதும் ஒரே படத்தில்தான் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். தவிர, அந்த வழியாகத் திறந்த கோப்பு டிஸ்போஸ் ஆகும்வரை பூட்டியே கிடக்கும். அழிக்கப் போனால், வேறொரு புரோகிராம் இதைப் பயன்படுத்துகிறது என்று விண்டோஸ் மறுக்கும். அந்த வேறொரு புரோகிராம் பெரும்பாலும் நீங்கள் எழுதியதேதான்.