புகை வாசம் அடித்தால் ஒரிஜினல் சரக்கா? கொல்லிமலை ஊறலும் பெங்களூர் விஸ்கியும்

கொல்லிமலை:
"சரக்குல புகை வாசம் அடிக்குது, கண்டிப்பா நல்ல சரக்குதான்" என்று அடித்துப் பேசுகிற ஆசாமிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காட்டில் காய்ச்சிய சாராயத்திலும் புகை வாசம் உண்டு. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் 'சிங்கிள் மால்ட்' விஸ்கியிலும் உண்டு. இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை!

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்தது அன்றைய சேலம் ஜில்லாவில்தான். இப்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையும் அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. கடைகள் மூடின. ஓடைக்கரையில் பானை வைப்பவர்கள் மட்டும் ஓயவில்லை. 'மலையில் சாராய ஊறல் அழிப்பு' என்பது மாலைப் பத்திரிகைக்குப் புதுச் செய்தியா என்ன?

கேழ்வரகு மாதிரிதான்!

மால்ட் என்றதும் மிரள வேண்டாம். மலைக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைக்கிறோமே, அதே சங்கதிதான். கேழ்வரகுக்குப் பதில் பார்லி. முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து ஒரே ஆலையில் காய்ச்சினால் சிங்கிள் மால்ட்.

அந்த ஈரப் பார்லியை ஸ்காட்லாந்தில் சில ஆலைகள் 'பீட்' எரித்து உலர்த்துகின்றன. பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷம் மக்கிய செடி கொடி. மண்ணும் இல்லை, நிலக்கரியும் இல்லை. அந்தப் புகை தானியத்தில் ஏறிவிட்டால் காய்ச்சினாலும் போகாது. ஐலா தீவுச் சரக்கு பலவற்றில் இது ரொம்பத் தூக்கல். ஆஸ்பத்திரி வாடை என்று மூக்கைப் பொத்துகிறவர்களும் உண்டு.

புகை குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. 1948-ல் தொடங்கிய பெங்களூர் 'அம்ருத்' ஆலை, 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் இறக்கியது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற தைரியம்! 2009-ல் வந்தது 'பியூஷன்'. பெரும்பங்கு நம் நாட்டுப் பார்லி. பீட் புகை போட்ட ஸ்காட்லாந்து பார்லி கொஞ்சம். விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே 2010-ம் ஆண்டுப் புத்தகத்தில் இதற்கு உலகிலேயே மூன்றாம் இடம் கொடுத்தார்.

மூக்குதான் முதலில்

இதில் ஆல்கஹால் 50 சதவீதம். மடக்கென்று ஊற்றினால் தொண்டை எரிவதுதான் மிச்சம். வாய் குறுகிய கிளாசில் கொஞ்சமாக விட்டு, முதலில் மோந்து பார்க்க வேண்டும். பிறகு சில சொட்டுத் தண்ணீர், ஒரு சின்ன வாய். முதலில் இனிப்பு, அப்புறம் மிளகு மாதிரி ஒரு காரம். புகை கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். சாம்பலில் சுட்ட பலாக்கொட்டையைத் தோல் உரிக்கும்போது ஒரு வாசம் வருமே, அந்த அளவுதான். கோலா ஊற்றினால் அதுவும் போச்சு.

காட்டுச் சாராயத்துப் புகை வேறு வகை. விறகுத் தீயில் ஊறல் அடிப்பிடித்துக் கருகிய வாடை அது. சரக்கு நல்லது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதில் மெத்தனால் கலந்திருந்தால் நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் வீண் வேலை. மெத்தனாலும் நன்றாகவே எரியும்!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் உயிரை வாங்கியது இந்த மெத்தனால்தான். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய விஷம் பாக்கெட் சாராயத்துக்குள் வந்துவிட்டது. உடம்புக்குள் போனதும் அது பார்மிக் அமிலமாக மாறும். அதற்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால், குடித்தவர் 'எனக்கு ஒண்ணும் ஆகலையே' என்று தூங்கப் போய்விடுவார். கண்தான் முதலில் மாட்டும்.

குடித்தவருக்குக் கண் மங்கினாலோ, வயிற்றைப் பிசைந்தாலோ மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று யோசித்துக்கொண்டும் இருக்காதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்ற முடியும்.