சங்கத்தின் தொலைபேசியும் வெளி இணைப்புகளும்

பலர் கூடி ஒரு கிடங்கையும் ஒரு சாயச்சாலையையும் பொதுவில் வைத்துப் பயன்பெறுவது கூட்டுறவின் இயல்பு. இதே முறையைத் தொலைபேசிக்கும் கையாண்டால் அதுவே பி.பி.எக்ஸ். எனப்படும் உள் இணைப்பகமாகும். அலுவலகம், நூல் கிடங்கு, சாயச்சாலை, விற்பனை நிலையம், விளைபொருள் கிடங்கு ஆகிய இடங்களில் பத்துப் பன்னிரண்டு கருவிகள் இருக்கலாம். அவை தம்முள் பேசிக்கொள்வதற்கு அழைப்புக் கட்டணம் இல்லை. வெளியாருடன் பேசும்போது மட்டும் அவையெல்லாம் ஒருசில பொது இணைப்புகளை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன.

அந்த வெளி இணைப்புகள் எத்தனை வேண்டும்? நிர்வாகக் குழுவினர் முதலில் ஆராய வேண்டிய வினா இதுவே. ஒரு சங்கத்தில் மும்முரமான ஒரு மணி நேரத்தில், வருவனவும் செல்வனவுமாக 20 அழைப்புகள் நிகழ்கின்றன என்றும், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் நீடிக்கிறது என்றும் கொள்வோம். மொத்தம் 60 நிமிடம். ஆகவே ஓர் இணைப்பே போதும் என்று நம்மில் பலர் கருதுவோம். அக்கருத்துப் பிழையானது. அழைப்புகள் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. சில வேளை மூன்று சேர்ந்து வரும். சில வேளை ஒன்றும் வாராது.

கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் எர்லாங், 1917-ஆம் ஆண்டில் இதற்கொரு சூத்திரம் வெளியிட்டார். அதன்படி மேற்கூறிய சங்கத்தில் ஓர் இணைப்பு மட்டும் இருந்தால், அழைப்புகளில் சரிபாதி இணைப்புக் கிடைக்காமல் போகும். இரண்டு இருந்தால் ஐந்தில் ஒன்று போகும். மூன்று இருந்தால் பதினாறில் ஒன்று. நான்கு இருந்தால் அறுபத்தைந்தில் ஒன்று. நான்காவது இணைப்பு வீண் செலவென்று கருதுவோர் இக்கணக்கை நோக்குவார்களாக. சேலை வேண்டி அழைத்த வியாபாரியோ, மஞ்சள் விலை கேட்டு அழைத்த உறுப்பினரோ இணைப்புக் கிடைக்காமல் வேறிடம் சென்றுவிட்டால், அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. நாம் ஆய்வுக்குச் செல்லும்போது கணக்குகளில் அதைக் காணவும் முடிவதில்லை.

அடுத்து, இணைப்பின் வகை. பழைய செப்புக் கம்பி இணைப்பில் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பே செல்லும். அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் மின்கலங்களிலிருந்தே வருவதால், நேரடியாக இணைத்த சாதாரணக் கருவி ஊரில் மின்சாரம் நின்றாலும் பேசும். பி.ஆர்.ஐ. என்னும் இணைப்பொன்றில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். பெரிய சங்கங்களுக்கே அது தகும். இன்று பரவிவரும் சிப் டிரங்க் முறையில் பேச்சு இணையத்தின் வழியே செல்கிறது. சுருக்கப்படாத பேச்சாயின் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் வேண்டும். தேவைக்கேற்ப இணைப்புகளைக் கூட்டவும் குறைக்கவும் இதில் எளிது. ஆனால் மின்சாரம் நின்றால் சங்கத்தின் கருவிகளும் நின்றுவிடும். ஆகையால் இன்வெர்ட்டரோ யு.பி.எஸ்.ஸோ இன்றியமையாதது.

மூன்றாவது, காவல். உள் இணைப்பகத்தைப் பொது வலையுடன் இணைப்பது வீட்டுக்குத் தெருவாசல் வைப்பது போன்றது. கருவியுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், எங்கிருந்தோ ஒருவன் உள்ளே புகுந்து, இரவு முழுவதும் வெளிநாட்டு எண்களுக்குப் பேசித் தீர்க்கலாம். பில்லோ சங்கத்தின் பெயருக்கே வரும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லையெனில் அதை அறவே அடைத்துவிடுமாறு நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நன்று.

நான்காவது, எண் எவருடையது என்பது. சில சங்கங்களில் செயலாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணே பில்லிலும் பெயர்ப்பலகையிலும் அச்சாகியிருக்கிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் எண்ணும் அவருடன் போய்விடும். பல ஆண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையும் உடன் போகும். எண் சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். அந்த ஓர் எண்ணை அழைத்தால், காலியாயுள்ள இணைப்பைக் கருவியே தேடிக்கொள்ளும் வசதியையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

எனவே, விலைப்பட்டியல் கேட்பதற்கு முன்பாக உறுப்பினர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஒரு வார காலம், மும்முரமான மணி நேரத்தில் வந்த அழைப்பு, சென்ற அழைப்பு, பேசிய நிமிடம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்க வேண்டும். வழக்கமான வியாபாரிகள் நால்வரிடம், எத்தனை முறை இணைப்புக் கிடைக்காமல் திரும்பினார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். அந்தக் குறிப்புடன் நிர்வாகக் குழு கூடுமாயின், தீர்மானம் கருவி விற்பவர் சொல்லின்படி அமையாது. சங்கத்தின் தேவையின்படி அமையும்.