சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்ப வருமா? ஆர்.என்.ஏ. சொல்லுமா?

சிறுநீர்ப்பையில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அகற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது பெரும்பாலானோர் டாக்டரிடம் கேட்பது ஒன்றுதான்: “இது திரும்ப வருமா?” கேட்பதில் நியாயம் இருக்கு. இந்த நோய் கண்டுபிடிக்கப்படும்போது சுமார் 4 பேரில் 3 பேருக்கு அது பையின் உள்படலத்தோடு நின்றிருக்கும், தசைக்குள் இறங்கியிருக்காது. சிறுநீர் வரும் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் எடுத்த பிறகும் பலருக்கு மறுபடி முளைக்கும். சிலருக்கு அடுத்த தடவை தசைக்குள்ளும் போய்விடும். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நல்லது!

இப்போதைக்கு டாக்டர்கள் பார்ப்பது பயாப்சி ரிப்போர்ட்டை. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கு, செல்கள் எவ்வளவு மாறியிருக்கு, எத்தனை கட்டி, என்ன அளவு, முன்பு வந்ததா என்பதை வைத்து ஆபத்தைக் கணிக்கிறார்கள். கணிப்பு நல்லதுதான், ஆனால் ஒரே மாதிரி ரிப்போர்ட் உள்ள 2 பேருக்கு வேறு வேறு முடிவு வருவதுண்டு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘நான்-கோடிங் ஆர்.என்.ஏ.’ ஆராய்ச்சி நடக்குது.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் டி.என்.ஏ.வில் புரதம் செய்வதற்கான குறிப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியை ஒரு காலத்தில் ‘குப்பை’ என்றே சொல்லிவந்தாங்க. பிறகுதான் தெரிந்தது, அதிலிருந்து உருவாகும் பல ஆர்.என்.ஏ.க்கள் புரதம் செய்யாவிட்டாலும், எந்தப் புரதம் எவ்வளவு தயாராக வேண்டும் என்று கட்டுப்படுத்துகின்றன என்று. இதில் மிகச் சிறியவை மைக்ரோ ஆர்.என்.ஏ., சுமார் 22 எழுத்து நீளம்தான். 1993-ல் ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 200 எழுத்துக்கு மேல் இருந்தால் ‘நீள’ வகை.

சிறுநீர்ப்பைக்கு இதில் என்ன வேலை? ஒரு உதாரணம் பாருங்க. ‘மிர்-200’ என்று ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. குடும்பம் இருக்கு. பையின் உள்படலச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க இது உதவுது. இது குறைந்தால் செல்களின் பிடி தளர்ந்து, அவை நகர்ந்து ஆழமாக ஊடுருவத் தோதாகிவிடும். அப்போ கட்டியில் இதன் அளவைப் பார்த்தால், நோய் எந்தத் திசையில் போகும் என்று ஒரு குறிப்பு கிடைக்கலாம், இல்லையா? ‘மிர்-145’ சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும் குறைவாகக் காணப்படுவது, ‘மிர்-21’ கூடுதலாகக் காணப்படுவது. ‘யூ.சி.ஏ.1’ என்ற நீள வகை, நோயாளிகளின் சிறுநீரிலேயே தென்படும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். நோய் ‘இருக்கிறதா’ என்று சொல்வது ஒரு வகைக் குறியீடு. இனி நோய் ‘எப்படிப் போகும்’ என்று சொல்வது இன்னொரு வகை. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுறாங்க. நோயாளிக்குச் சிறுநீரில் ஒரு ஆர்.என்.ஏ. அதிகமாக இருந்தால், அடுத்த ஆண்டு கட்டி வரும் என்று அர்த்தமாகிவிடாது. அதைச் சொல்ல, பலரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு வேண்டும்.

அங்கேதான் தடை. பல ஆய்வுகள் சிறியவை, ஏற்கெனவே சேமித்து வைத்த திசுக்களில் செய்தவை. ஒரு லேபில் ‘அதிகம்’ என்று வரையறுத்த அளவு இன்னொரு லேபில் பொருந்துவதில்லை. சிறுநீரில் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், மாதிரியை எடுத்து எப்படி வைத்தார்கள் என்பதே முடிவை மாற்றிவிடும். புராஸ்டேட் புற்றுநோயில் ‘பி.சி.ஏ.3’ என்ற நீள ஆர்.என்.ஏ.வை அளக்கும் சிறுநீர்ச் சோதனைக்கு 2012-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதனால் இந்த வழி வெறும் கற்பனை இல்லை. ஆனால் சிறுநீர்ப்பையில் நோயின் போக்கைச் சொல்ல, வழக்கமான சிகிச்சையில் சேர்க்கும் அளவுக்கு எந்த நான்-கோடிங் ஆர்.என்.ஏ. சோதனையும் இன்னும் உறுதிப்படவில்லை.

ஆக, “ஒரே சோதனை, இனி குழாய் விட்டுப் பார்க்கவே வேண்டாம்” என்று உங்க மொபைலுக்கு விளம்பரம் வந்தால், பணம் கட்டும் முன் உங்க யூராலஜி டாக்டரிடம் காட்டுங்க. சிஸ்டோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது, யாருக்கும் பிடிக்காதுதான். சிகிச்சை முடிந்து 3 மாதத்தில் முதல் பரிசோதனை, பிறகு ஆபத்தைப் பொறுத்து இடைவெளி கூடும் அல்லது குறையும். “ஒண்ணும் தொந்தரவு இல்லையே” என்று அதை விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து, ஏன்னா திரும்ப வரும் கட்டி ஆரம்பத்தில் வலிக்காமலே இருக்கலாம். சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் வந்து தானாக நின்றாலும் டாக்டரைப் பார்க்கணும். புகைப்பவர்கள் நிறுத்தணும், இந்த நோய்க்குப் புகையிலைதான் முதல் காரணம்.

செலவு பயம் வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம், புற்றுநோய்ச் சிகிச்சையும் இதில் அடங்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்க. சந்தேகம் இருந்தால் 104-க்குக் கூப்பிட்டுக் கேளுங்க. பழைய பயாப்சி ரிப்போர்ட்டை மட்டும் தொலைத்துவிடாதீங்க, ஒரு போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்க. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.